நாற்பத்தைந்தைத் தாண்டி முதியோர் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபத்திரண்டு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தேன். இப்போது பெரம்பூரில் ஒரு சமுதாயக் கூடத்தில், வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள், பத்துப் பாத்திரம் தேய்த்தவர்கள், செக்யூரிட்டி வேலையில் கண் விழித்தே ஓய்ந்துபோன ஆண்கள் சிலர். ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

"எனக்கு 48 ஆகுது அக்கா. இந்த வயசுல யாரு வேலை குடுப்பாங்க?"

கொடுக்கிறார்கள். துணிக்கடையிலும் கம்பெனியிலும் வயதைப் பார்த்துத் தள்ளிவிடுவது உண்மைதான். இந்த வேலையில் பல வீடுகள் "கொஞ்சம் வயசானவங்களா அனுப்புங்க" என்றே கேட்கின்றன. எண்பது வயதுப் பாட்டிக்கு இருபது வயதுப் பெண்ணின் முன்னால் உடை மாற்றக் கூச்சமாக இருக்கும். பிள்ளை பெற்று, மாமியாரைப் பார்த்து, வீட்டில் ஒரு சாவையாவது கண்டவர்களுக்குப் பதற்றம் குறைவு. அந்த நிதானத்தைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது.

சென்னையில் இந்தத் துறை நேற்று முளைத்ததும் இல்லை. அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவு 1978-லேயே தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்ப்பது? பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, அப்பா அம்மா மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் தெருவுக்குத் தெரு உண்டு. உங்கள் வேலை அங்கேதான்.

"இது ஆயா வேலையா, நர்ஸ் வேலையா?"

இரண்டும் இல்லை. அட்டெண்டர் என்று சொல்வோம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது, டயாபர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பி.பி., சுகர் பார்த்துக் குறிப்பது, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நேரத்துக்கு ஞாபகப்படுத்துவது எல்லாம் உங்கள் வேலை. மூக்கில் ரைல்ஸ் டியூப் இருந்தால், பயிற்சி எடுத்த பிறகு அதன் வழியாக உணவு கொடுக்கலாம். ஊசி போடுவது, டிரிப்ஸ் ஏற்றுவது, புதிதாக டியூப் போடுவது உங்கள் வேலை கிடையாது. அதற்கு நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ் வேண்டும்.

"இன்சுலின்தானே, போட்டுடுங்க" என்று கேட்பார்கள். வீட்டிலிருக்கும் யாருக்காவது நர்ஸை விட்டுக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். டோஸ் மாறி மயக்கமானால், அதுவரை "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொன்னவர்களே உங்கள் மேல் விரல் நீட்டுவார்கள். அதேபோல வீடு முழுக்கத் துடைப்பது, எல்லோருக்கும் சமைப்பது. பேஷண்டின் அறையும் துணியும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு, அதோடு சரி. முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். பத்தாவது நாள் சொன்னால் சண்டையாகிவிடும்.

"எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். கோர்ஸ் சேர முடியுமா? இல்ல நர்ஸிங்கே படிச்சிடலாமா?"

நர்ஸிங்கை விட்டுவிடுங்கள். ஏ.என்.எம்., ஜி.என்.எம். என்ற நர்ஸிங் படிப்புகள் இரண்டுக்குமே சேர வயது வரம்பு உண்டு. 35-க்கு மேல் கதவு மூடிவிடுகிறது. "நாங்க பாத்துக்கறோம்" என்று பணம் கேட்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம்.

ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட், ஹோம் ஹெல்த் எய்ட் என்று சில மாதப் பயிற்சிகள் இருக்கின்றன. எட்டாவது போதுமா, பத்தாவது வேண்டுமா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் வீடுகளில் பார்த்த அனுபவம் இருந்தால், தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் திட்டமும் உண்டு. ஆர்.பி.எல். என்பார்கள். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் புதிதாகப் படிக்க 45 வயது வரைதான் எடுப்பார்கள், ஆர்.பி.எல்.லுக்கு 59 வரை வரலாம். எந்தச் சென்டரானாலும் நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று: "வார்டுல எத்தனை நாள் நிக்க வைப்பீங்க?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

"முட்டி வலி இருக்கு. பேஷண்டைத் தூக்க முடியுமான்னு பயமா இருக்கு."

தூக்கவே கூடாது. இருபது வயதுக்காரரும் தூக்கக் கூடாது. இந்த வேலையை விட்டுப் போனவர்களில் பலரை இடுப்புதான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது, வயது அனுப்பவில்லை.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைச் சொல்கிறேன். பேஷண்டுக்கு எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கம் நாற்காலியைக் கட்டிலுக்குச் சாய்வாக ஒட்டிப் போடுங்கள். சக்கர நாற்காலியானால் பிரேக் போட்டாயிற்றா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துப் பாதம் இரண்டும் தரையில் படும்படி விடுங்கள். ஒரு நிமிஷம் அப்படியே இருக்கட்டும், தலைசுற்றல் வந்தால் அப்போதே தெரிந்துவிடும். அவர் இடுப்பில் ஒரு நல்ல துண்டைச் சுற்றி முடிந்து, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கழுத்தை அவர் கட்டிக்கொள்ள விடாதீர்கள். ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி நின்று, "மூக்கு கால் விரலுக்கு நேரா வரட்டும்பா" என்று அவரை முன்னால் குனியச் சொல்லுங்கள். குனிந்தாலே பாதி எடை காலுக்குப் போய்விடும். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்ததும் இடுப்பைத் திருகாமல் உங்கள் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

படுத்தே இருப்பவர்களுக்கு, நாலாக மடித்த பழைய காட்டன் புடவை ஒன்றைத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வையுங்கள். அதைப் பிடித்து இழுத்தால் ஆளை நகர்த்தலாம், தோலும் உராயாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினால்தான் படுக்கைப் புண் வராது என்பதால், இந்தப் புடவை ஒரு நாளில் எத்தனை தடவை உங்கள் இடுப்பைக் காப்பாற்றும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கட்டில் தாழ்வாக இருந்தால் காலுக்கு மரக்கட்டை வைக்கச் சொல்லுங்கள். கனமான ஆளென்றால் இரண்டாவது கை கேளுங்கள், வீட்டில் மகன் இருப்பார், வாட்ச்மேன் இருப்பார். முட்டி வலியை, உங்களை வீடுகளுக்கு அனுப்பும் ஏஜென்சியிடம் மறைக்காமல் சொல்லி, நடக்கக்கூடிய பேஷண்டாகக் கேளுங்கள். மறைத்துப் போய் ஒருவரைக் கீழே போட்டால், இரண்டு பேருக்குமே எலும்பு முறியும்.

"டே டூட்டி நல்லதா, 24 மணி நேரம் தங்குறது நல்லதா?"

ஐம்பதுக்கு மேல் என்றால் பகல் டூட்டி. தங்கும் டூட்டியில் கையில் வருவது அதிகமாகத் தெரியும். ஆனால் ராத்திரி நாலு தடவை எழுந்து பெட்பேன் வைத்தவருக்குப் பகலிலும் தூங்க நேரம் கிடைக்காது. மூன்று மாதத்தில் உங்களுக்கே பி.பி. வந்துவிடும். தங்கித்தான் ஆக வேண்டிய நிலை என்றால், படுக்கத் தனி இடம், பகலில் தொடர்ந்து நாலு மணி நேரம் ஓய்வு, வாரம் ஒரு நாள் ரிலீவர், அதாவது மாற்று ஆள், இந்த மூன்றையும் முதலிலேயே பேசுங்கள்.

பகல் டூட்டி பெரும்பாலும் காலை எட்டு முதல் இரவு எட்டு. போக வர மூன்று மணி நேரம் போனால் அது பதினைந்து மணி நேர வேலை. நாம் பார்க்கப் போகும் வீட்டைக் கேஸ் என்போம். ஒரே பஸ்ஸில் போகக்கூடிய கேஸாக எடுங்கள். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பதால், இரண்டாயிரம் கூடத் தருகிறார்கள் என்று ஆட்டோ பிடித்துப் போகிற தூரத்துக் கேஸைவிடப் பக்கத்துக் கேஸே மிச்சம்.

"ஏஜென்சி எவ்வளவு பிடிப்பாங்க?"

இடத்துக்கு இடம் மாறும். கேட்க வேண்டியவை: வீட்டுக்காரர் எவ்வளவு கட்டுகிறார், என் கைக்கு எவ்வளவு, கேஸ் இல்லாத நாளில் என்ன. பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார், சான்றிதழ் எதிலும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். என்னிடம் படித்த ஒருவரின் ஒரிஜினல் மார்க் ஷீட்டை ஓர் ஏஜென்சி ஏழு மாதம் தரவில்லை. வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாதே என்றுதான். அவர் மகனுடைய கல்லூரி அட்மிஷனுக்குப் போக வேண்டிய நாட்களில் அந்த ஆபீஸ் வாசலில் நின்றார்.

"பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் நமக்குக் கிடைக்குமா?"

ஏஜென்சியில் 10 பேராவது வேலை செய்து, உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. கேட்கலாம். உங்கள் பங்கு 0.75 சதவீதம், அவர்கள் பங்கு 3.25. வயது தடையில்லை. முட்டிக்கும் கண்ணுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டிய வயதில் அது பெரிய விஷயம். பி.எஃப்.புக்கு 20 பேர் கணக்கு. சிலர் "நீங்க எங்க ஊழியர் இல்ல, நாங்க வேலை மட்டும்தான் காட்டறோம்" என்பார்கள். சேரும் முன்பே இதைத் தெளிவாகக் கேளுங்கள்.

எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வருகிறவர்கள் கவனியுங்கள். பழைய பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும், அதுவும் 58 வயதோடு அந்தக் கணக்கு நின்றுவிடும். அங்கே ஆறு வருடம், இங்கே நாலு வருடம் என்றால் சேர்ந்து பத்தாகிவிடும். எடுத்துவிட்டால் பழைய ஆறும் போச்சு. புது இடத்தில் யூ.ஏ.என். என்கிற உங்கள் பழைய பி.எஃப். எண்ணையே கொடுங்கள்.

எதுவும் இல்லாத இடமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு 59 வயது வரை. வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் 60-க்குள் சேர வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு 70 வயது வரை உண்டு, இரண்டு லட்சம் வரை கிடைக்கும். அடல் பென்ஷனில் 40 வயதுக்கு மேல் சேர முடியாது, அதற்காக அலைய வேண்டாம். உங்கள் மகளுக்கு வேண்டுமானால் போட்டு வையுங்கள்.

"நோட்டு எழுதணும்னு சொல்றீங்களே, எனக்கு எழுதவே சரியா வராது."

இந்தக் கேள்வி வந்தால் நான் மற்றதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஏனென்றால் ஆயா என்று கூப்பிடுகிறவர்களை "சிஸ்டர், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்க வைப்பது, பேஷண்ட் என்ன சாப்பிட்டார், எப்படி இருந்தார் என்று தினமும் குறித்து வைக்கும் அந்த நோட்டுதான்.

என்னிடம் படித்த ஒருவர், ஐம்பத்து மூன்று வயது, கையெழுத்து மட்டும்தான் போடுவார். நாற்பது பக்க நோட்டில் பேத்தியை விட்டுக் கட்டம் போட வைத்தார். சூரியன் வரைந்தால் காலை, பிறை வரைந்தால் இரவு. சாப்பாட்டுக்கு வட்டம்: முழுசாகச் சாப்பிட்டால் முழு வட்டம், பாதி என்றால் பாதி. மலம் போனால் ஒரு புள்ளி. யூரின் பேகில் எந்தக் கோடு வரை வந்ததோ அந்த எண். அடையாறில் ஓர் ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக வட்டமும் சுருங்கி யூரின் எண்ணும் குறைந்துகொண்டே வருவதை அந்தக் கட்டத்தில் பார்த்து, மகளுக்குப் போன் செய்தார். டாக்டர் வந்து பார்த்தபோது சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் கூட இன்னும் வரவில்லை. அந்த நோட்டை டாக்டர் போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, சிஸ்டர்தான்.

எழுத வராவிட்டால் இப்படி வரையுங்கள், இல்லையென்றால் தினமும் டூட்டி முடியும்போது வீட்டாருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். கேஸ் முடியும்போது நோட்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் கையால் ஓர் அனுபவக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

"மறதி நோய் அம்மா ஒருத்தங்க, நான் வளையலைத் திருடிட்டேன்னு சொல்றாங்க. வேலையை விட்டுடலாமா?"

அவமானமாகத்தான் இருக்கும். ஆனால் இது அந்த நோயின் குணம். வைத்த இடம் மறந்துபோகிறது, இல்லாததற்கு மூளை ஒரு காரணம் தேடுகிறது, பக்கத்தில் இருக்கும் நீங்கள் கிடைக்கிறீர்கள். "நான் எடுக்கலம்மா" என்று வாதாடினால் முற்றும். "அடடா, வாங்க தேடலாம்" என்று கூடச் சேர்ந்து தேடுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் வளையல் அரிசி டின்னில் இருந்தது, இன்னொரு முறை தலையணை உறைக்குள்.

முதல் நாளே மகனையோ மகளையோ வைத்துக்கொண்டு கழுத்து, காது, கையில் என்ன இருக்கிறது என்று மேலே சொன்ன நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மற்ற நகையும் பணமும் அவர்கள் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளட்டும். குடும்பத்தாரே நோயைப் புரிந்துகொள்ளாமல் உங்கள் பையைச் சோதிக்கிறார்கள் என்றால், அப்போது விட்டுவிடலாம்.

"குளிப்பாட்டும்போது பெரியவர் தப்பா கை வெக்கிறார். வெளியில சொல்லவும் முடியல."

சொல்ல வேண்டும். மறதி நோயிலும் பக்கவாதத்துக்குப் பிறகும் சிலருக்குக் கட்டுப்பாடு போய்விடும். அப்படியென்றால் ஆண் அட்டெண்டரைப் போடச் சொல்லலாம், குளிக்கும்போது கையில் துண்டையோ மக்கையோ பிடித்துக்கொள்ளக் கொடுக்கலாம், பக்கத்தில் இன்னொருவரை நிற்க வைக்கலாம். நோய்தான் காரணம் என்பதற்காக நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

தெரிந்தே செய்தால், செய்தவர் பேஷண்டானாலும் வீட்டிலிருக்கும் வேறு ஆளானாலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் வீட்டுக்குள் வேலை செய்கிறவர்களுக்கும் பொருந்தும். மாவட்ட ஆட்சியரின் கீழ் இயங்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். உடனே பேசப் பெண்கள் உதவி எண் 181. நாற்பத்தெட்டு வயதில் யார் நம்புவார்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தேதியும் நேரமும் குறித்து வையுங்கள், நம்புவார்கள்.

"பார்த்துக்கிட்டவங்க இறந்துட்டா?"

அழுகை வரும், வரட்டும். இரண்டு வருடம் தினமும் தலை வாரிவிட்டவர் போய்விட்டார். சடங்கு முடிந்ததும் வீட்டார் உங்களை மறந்துவிடலாம், அவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள். அன்று வரைக்குமான சம்பளத்தை ஏஜென்சி மூலம் கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுநாளே புதுக் கேஸுக்கு ஓடாதீர்கள். முடிந்தால் மூன்று நாளாவது வீட்டில் இருங்கள்.

"கடைசி வரைக்கும் டயாபர் மாத்திக்கிட்டேதான் இருக்கணுமா? மேல போக வழி இருக்கா?"

இருக்கிறது, ஆனால் யாரும் தானாகக் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். நாலைந்து கேஸ் முடிந்த பிறகு ஏதாவது ஒன்றில் கை தேறுங்கள். மறதி நோய், பக்கவாதம், புற்றுநோயின் கடைசிக் கட்டம் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்குவம் வேண்டும். அதற்கான ஆட்கள் கிடைக்காமல் ஏஜென்சிகள் தவிக்கின்றன.

அடுத்த படி, புதிதாக வருகிற பெண்ணோடு முதல் மூன்று நாள் கூடப் போய்க் காட்டிக்கொடுப்பது. இதை இப்போது பலர் இலவசமாகச் செய்கிறார்கள். அதற்குச் சம்பளம் கேளுங்கள். அங்கிருந்து சூப்பர்வைசர், புதுக் கேஸைப் போய்ப் பார்த்து என்ன ஆள் தேவை என்று சொல்கிறவர், என் மாதிரிப் பயிற்சியாளர். ஐம்பத்தைந்துக்கு மேல் உடம்பால் செய்யும் வேலை குறைந்து, கண்ணாலும் வாயாலும் செய்யும் வேலை கூட வேண்டும். அனுபவக் கடிதங்கள் அப்போதுதான் கைகொடுக்கும்.

"நாங்க சின்ன ஏஜென்சி நடத்துறோம். வயசானவங்களை எடுத்தா லீவு அதிகமாகுமேன்னு யோசனை."

தவறான கேஸில் போட்டால் ஆகும். தொண்ணூறு கிலோ பக்கவாத பேஷண்டுக்கு ஐம்பத்தாறு வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டு, நாலாம் நாள் இடுப்பு வலி என்று அவர் நின்றால் குற்றம் யாருடையது? கேஸைப் பார்த்து ஆளைப் போடுங்கள். நடமாடும் முதியவர், மறதி நோய், துணைக்கு ஆள் தேவைப்படும் வீடு, இங்கெல்லாம் மூத்தவர்களைப் போடுங்கள். கனமான கேஸில் இளையவர் ஒருவரோடு ஜோடி சேருங்கள். பன்னிரண்டு மணி நேரத்தை ஆறு ஆறாகப் பிரித்துப் பாருங்கள், பலர் அதை விரும்புவார்கள். மருந்துத் தாளைப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். வருடம் ஒரு முறை சுகர், கண், பி.பி. பார்க்க வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஓர் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும் செலவையும் வீட்டார் கோபத்தையும் பார்த்தால் இது சின்னத் தொகை.

"எங்க வீட்டு மாமியாரையும் நான்தான் பார்க்கணும். வெளியில போய் இன்னொருத்தரைப் பார்க்க முடியுமா?"

முழு நாள் முடியாது, உள்ளதைச் சொல்கிறேன். காலை நாலு மணி நேரம் மட்டும், குளியலும் டிபனும் பார்த்துவிட்டு வரும் கேஸ்கள் உண்டு. அதைத் தேடுங்கள். மாமியாருக்கு என்னென்ன உதவி கிடைக்கும் என்று முதியோர் உதவி எண் 14567-ல் கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது, தேவைப்பட்டால் பிசியோதெரபியும் உண்டு. வீட்டில் மாமியாரைப் பார்க்கும் வேலையைக் கணவரும் பகிர வேண்டும் என்பதை நான் வகுப்பில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். சம்பளம் வர ஆரம்பித்த வீடுகளில் அந்தப் பேச்சு கொஞ்சம் எடுபடுகிறது.

"60 தாண்டியாச்சு. இனிமேலும் பண்ணலாமா?"

புரட்டிப் போடும் கேஸ் வேண்டாம். துணைக்கு இருக்கும் கேஸ் செய்யலாம். மேலே சொன்ன இ-ஷ்ரம், நல வாரியப் பதிவுகளை அறுபதுக்கு முன்பே முடித்திருந்தால் நல்லது. உங்கள் சொந்த மாத்திரைப் பெட்டியை டூட்டிப் பையிலேயே வையுங்கள், மதிய மாத்திரையைத் தவறவிடுவது நாம்தான்.

அறுபத்து மூன்று வயதில் என் பழைய மாணவி ஒருவர் கீழ்ப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடம் மாலை நாலு மணி நேரம் போகிறார். பேப்பர் படித்துக் காட்டுவது, கேட் வரை நடக்க வைத்துத் திரும்பக் கூட்டி வருவது, ராத்திரி இட்லி வைத்துக் கொடுப்பது. இப்போது பேப்பர் படிக்கும்போது தடுக்கும் எழுத்தையெல்லாம் டீச்சர் திருத்துகிறாராம். போன வாரம் என் மாணவி நோட்டில் பிறைக்குப் பதிலாக "இரவு" என்று எழுதி எனக்குப் போட்டோ அனுப்பினார்.